மரப்பேனால வேலைப்பாடு: எல்லாரும் கேக்கற சந்தேகங்க

மொட்டை மாடி ஷெட்ல ஒரு சின்ன லேத்து (மரத்த சுத்த விட்டு கடையற மெஷின்), ஒரு பேண்ட் சா (பட்டை ரம்ப மெஷின்), ஒரு மேஜை, அவ்ளோதான் என் பட்டறை. ஏழு வருஷமா மரப்பேனா கடையறேன். பேனா எப்படி பண்றதுன்னு கேக்கறவங்கள விட "அந்த கோடு எப்படி வந்துச்சு, அந்த முடிச்சு எப்படி போட்டீங்க, பித்தளைய எப்படி உள்ள ஊத்துனீங்க"ன்னு கேக்கறவங்கதான் ஜாஸ்தி. ஒரே பதில வாட்ஸப்ல திரும்பத் திரும்ப டைப் பண்ணி அலுத்துப் போய் எல்லாத்தயும் இங்க சேத்து போட்டுட்டேன். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே கேள்விய வெச்சிருக்கேன். மேல இருந்து வரிசையா படிங்க, கீழ போகப்போக மேல சொன்னத தெரிஞ்ச மாதிரியே பேசியிருப்பேன்.

அண்ணா, மொதல்ல மரப்பேனா எப்படி பண்றாங்கன்னே தெரியாது, சுருக்கமா சொல்லுங்களேன்?

19 மிமீ சதுரத்துல 125 மிமீ நீளத்துக்கு ஒரு கட்டை. அத ரெண்டா அறுத்து நடுவுல 7 மிமீ ஓட்டை போட்டு பித்தளை ட்யூப ஒட்டி, ரெண்டு முனையவும் ட்யூப் மட்டத்துக்கு சீவி, மேண்ட்ரல்னு ஒரு கம்பில கோத்து லேத்துல மாட்டிக் கடையணும். முனைல புஷ்ஷிங்னு ஒரு இரும்பு வளையம் இருக்கும், மரம் அந்த மட்டத்துக்கு வந்ததும் உளிய எடுத்துடணும். அப்பறம் உப்புத்தாள், ஃபினிஷ் (மேல்பூச்சு), கடைசில கிட்ல (பேனா பாகம் எல்லாம் ஒண்ணா வர்ற பாக்கெட்) வர்ற மூக்கு, கிளிப் எல்லாத்தயும் அழுத்தி சொருகிட்டா பேனா. இது ஸ்லிம்லைன்னு சொல்ற சாதாரண கிட்டோட கணக்கு, மத்ததுக்கு ட்யூப் அளவு மாறும்.

இதுல ஒரே ஒரு கணக்க மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. புஷ்ஷிங் வெளி அளவு கிட்டத்தட்ட 8.3 மிமீ, ட்யூப் 7. அப்ப முனைல நிக்கற மரம் பக்கத்துக்கு முக்கால் மிமீ கூட கெடையாது. கட்டைல நீங்க பாத்து மயங்குன ரேகைல முக்காவாசி சுருளா தரைல கெடக்கும், மிஞ்சறது வெங்காயத் தோல் மாதிரி ஒரு ஏடுதான். நாம பண்ற எல்லா அலங்காரமும் அந்த ஏட்டுக்குள்ளதான் அடங்கணும், அதனால கட்டைய அறுக்கறதுக்கு முன்னாடியே என்ன வேணும்னு முடிவு பண்ணிடணும்.

ரோஸ்வுட்தான் பெஸ்ட்டா? எந்த மரம் பாக்க நல்லா வரும்?

ரோஸ்வுட், அதாவது ஈட்டி, நல்ல மரம்தான், ஆனா பேனா அளவுக்கு சுருங்குனதும் தூரத்துல இருந்து பாத்தா வெறும் கரும்பழுப்பா தெரியும். எனக்கு பிடிச்சது புளியும் பூவரசும். புளில பூஞ்சை பிடிச்ச கட்டை கெடச்சா விடாதீங்க, மேப்ல ஆறு வரைஞ்ச மாதிரி கருப்பு கோடு ஓடும். பூவரசோட சேகு (உள் மரம்) சாக்லேட் கலர், வெளிறு (வெளிப்பக்க மரம்) கிட்டத்தட்ட வெள்ளை, ரெண்டும் சேர்ற எடத்துல ஓட்டை விழற மாதிரி அறுத்தா ஒரே பேனால ரெண்டு கலர் சும்மாவே வந்துடும். பலா புதுசுல மஞ்சளா இருந்து போகப்போக தேன் கலருக்கு வரும், வாங்கறவங்ககிட்ட இத முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா ஆறு மாசத்துல "கலர் மாறிடுச்சு"ன்னு ஃபோன் வரும்.

செலவே இல்லாத ஒரு வேலைப்பாடு இருக்கு. கட்டைய ரேகையோட நேரா அறுக்காம 45 டிகிரி சாய்ச்சு அறுத்துக்கோங்க. சாதா தேக்கு கூட அப்ப வேற மரம் மாதிரி தெரியும், உருட்டுனா கோடு சுத்தி சுத்தி ஏறும். என்ன, சாய்ஞ்ச ரேகை சட்டுன்னு பிச்சுக்கும், உளி கூர்மையா இருக்கணும்.

அப்பறம் ஈட்டி, செம்மரம், சந்தனம் எல்லாம் பில் இல்லாம கை அகல துண்டு கூட வாங்காதீங்க. செம்மரமும் சரி, 2017ல இருந்து ஈட்டி ஜாதி மொத்தமும் சரி, சைட்டிஸ் (அழியற ஆபத்துல இருக்கற செடி, மிருகத்த நாடு விட்டு நாடு விக்கறத கட்டுப்படுத்தற ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு, வெளிநாட்டுக்கு அனுப்பற ஐடியா இருந்தா இன்னும் உஷாரா இருங்க. மாலைக்காரங்க புண்ணியத்துல இப்ப கருங்காலின்னு எத வேணா விக்கறாங்க. வாங்கறப்ப ஒரு முனைய அறுத்துக் காட்டச் சொல்லுங்க, மேல அட்டக்கருப்பு, உள்ள வெளிர்பழுப்புன்னா வெச்சுட்டு வந்துடுங்க.

பனை மரத்துல ட்ரை பண்ணேன், நார் நாரா உதிருது ப்ரோ, என்ன தப்பு?

உங்க தப்பு இல்ல, பனை, தென்னை ரெண்டோட அமைப்பே அப்படித்தான். கம்பி மாதிரி கருப்பு நாரு, நடுவுல தக்கை மாதிரி சோறு. உளி பட்டா நாரு நிக்கும், சோறு ஓடிடும். அடிமரத்துல வெளிப்பக்கத்து வைரமான துண்டா எடுங்க, உள்பக்கம் வேணவே வேணாம். உருண்டைக்கு வந்ததும் தண்ணி மாதிரி இருக்கற மெல்லிசு சூப்பர் க்ளூவ சொட்டு சொட்டா விட்டு ஊற விடுங்க, காஞ்சதும் ஒரு மிமீ கடைங்க, திரும்ப ஊத்துங்க. மூணு நாலு தடவ ஆகும். நேரா அறுத்தா கருப்பு கோடு, சாய்ச்சு அறுத்தா நாரோட வெட்டு முனை புள்ளி புள்ளியா வரும், அந்த புள்ளிக்காகவே இத்தன பாடும் படலாம்.

பேனா மேல கருப்பு வளையம் இருக்கே, ஸ்கெட்ச்ல வரைஞ்சதா?

கம்பில சுட்டது. பேனா சுத்திட்டு இருக்கறப்ப ஸ்க்யூ உளி (வாய் சாய்ஞ்ச உளி) மூக்கால கோடு மாதிரி ஒரு சின்ன பள்ளம் கீறிட்டு, அதுல ஒரு மெல்லிசு எஃகு கம்பிய வெச்சு ரெண்டு கையாலயும் இழுத்து அழுத்தினா உராய்ஞ்சு புகை வரும், மரம் கருகி கோடு விழும். கிடார் கம்பி அருமையா வேல செய்யும். மொதல்ல கீறாம கம்பிய வெச்சீங்கன்னா அது வழுக்கிட்டு போய் பக்கத்துல எல்லாம் கருக்கிடும்.

ரொம்ப முக்கியம், கம்பிய விரல்ல சுத்திக்காதீங்க. ரெண்டு முனைலயும் ஒரு மரக்குச்சிய கட்டி அத பிடிச்சுக்கோங்க, கம்பி எங்கயாவது மாட்டுச்சுன்னா கைய விட்டுடலாம், விரல்ல சுத்தியிருந்தா விரலும் சேந்து போகும். அப்பறம் அந்த முக்கால் மிமீ கணக்கு ஞாபகம் இருக்கில்ல, புஷ்ஷிங் பக்கத்துல ஆழமா கீறுனா பித்தளை எட்டிப் பாத்துடும். வளையத்த நடுவுல, சதை இருக்கற எடத்துல போடுங்க. ஈட்டி மாதிரி கருத்த மரத்துல இது எடுபடாது, வெளுத்த மரம்தான் சரி.

பித்தளைய உருக்கியா ஊத்துனீங்க?

இல்லீங்க, 900 டிகிரிக்கு மேல உருகறத மரத்துல ஊத்துனா பேனா இருக்காது, அடுப்புக்கரிதான் இருக்கும். அது பித்தளைத் தூள். டூப்ளிகேட் சாவி போடற கடைல மெஷினுக்கு கீழ குமிஞ்சு கெடக்கும், ஒரு டீ வாங்கி குடுத்தா அள்ளிக் குடுத்துடுவாங்க. சாவி பலதும் நிக்கல் பூசுன பித்தளைங்கறதால மஞ்சளோட கொஞ்சம் வெள்ளி மினுக்கும் கலந்து வரும், அது இன்னும் அழகு. இரும்புத்தூளும் கலந்திருக்கும், ஒரு காந்தத்த பேப்பர்ல சுத்தி மேல ஓட்டினா ஒட்டிட்டு வந்துடும். அத எடுக்காம விட்டா பின்னாடி துரு புள்ளி வைக்கும்.

பேனா கடைசி அளவுக்கு கொஞ்சம் தடிமனா இருக்கறப்பவே பள்ளத்த வெட்டணும். தூள அமுக்கி ரொப்பி மெல்லிசு க்ளூ ரெண்டு சொட்டு, காஞ்சதும் மேல இன்னொரு அடுக்கு, கொஞ்சம் மேடா வர்ற வரைக்கும். அப்பறம் அளவுக்கு சீவணும், சுரண்டற மாதிரி பிடிச்சு மெதுவா. 400 நம்பர் தாள் (நம்பர் ஏற ஏற தாள் நைசு) வரைக்கும் அசிங்கமா சேறு மாதிரிதான் தெரியும், நெறைய பேர் இந்த எடத்துல மனசு விட்டு தூக்கிப் போட்டுடறாங்க, 600 தாண்டுனதும்தான் கண்ணு சிமிட்டும்.

தூள் எதுவேணா போடலாமா? காபித்தூள், மஞ்சத்தூள், குங்குமம்?

காபித்தூள் சூப்பர். ஃபில்டர்ல எறங்குன சக்கைய வெயில்ல மூணு நாள் காயப்போட்டு போடுங்க, கரும்பழுப்பு கோடு, புளி மரத்துல ஓட்டை விரிசல் அடைக்க இத விட நல்லது இல்ல. ஈரம் இருந்தா க்ளூ நுரைச்சு வெளுத்துடும். இன்ஸ்டன்ட் காபி வேணாம், அது கரையற சரக்கு. முட்டை ஓட்ட நொறுக்கிப் போட்டா வெள்ளை மொசைக் மாதிரி வரும். ஆப்ப சோடா மேல க்ளூ விட்டா கண்ண மூடி திறக்கறதுக்குள்ள கல்லா இறுகிடும், அவசரத்துக்கு சரி, ஆனா செத்த வெள்ளை, பாக்க உசிரு இருக்காது.

மஞ்சள் மட்டும் வேணாம். மொத தடவ போட்டப்ப தங்கம் மாதிரி இருந்துச்சு, ஒரு ஃப்ரெண்டுக்கு குடுத்தேன், அவன் கார் டேஷ்போர்டுல போட்டு வெச்சிருந்தான், நாலே மாசத்துல பழைய பல்லு கலருக்கு வந்துடுச்சு. மஞ்சளோட நிறம் வெளிச்சத்துல நிக்காது. மஞ்சள்ல பண்ண நிஜ குங்குமத்துக்கும் அதே கதிதான்.

சாயம் வாங்காம மரத்த கருப்பாக்க முடியுமா சார்?

முடியும், கறைய வெச்சே. ஸ்டீல் வுல்ல வினிகர்ல போட்டு ஒரு வாரம் விடுங்க, மூடிய இறுக்காதீங்க, கேஸ் வரும். அத வடிகட்டி மரத்துல தடவுனா மரத்துல இருக்கற துவர்ப்பும் இரும்பும் சேந்து கருப்பாகும். கருவேலம் மாதிரி துவர்ப்பு இருக்கற மரம் உங்க கண்ணு முன்னாடியே மாறும். மா மாதிரி துவர்ப்பு கம்மியான மரம் சாம்பல் கலர்லயே நின்னுடும், அதுக்கு மொதல்ல கடுக்காய் கஷாயம் ரெண்டு கோட் அடிச்சு காயவிட்டு அப்பறம் இரும்புத் தண்ணிய தடவுங்க. இது ஒண்ணும் புதுசு இல்ல, கலம்காரிக்காரங்க துணிய கடுக்காய்ல நனைச்சுட்டு வெல்லமும் துருப்பிடிச்ச இரும்பும் ஊறவெச்ச தண்ணில கருப்பு கோடு போடறாங்கல்ல, அதே சங்கதிதான்.

ரெண்டு எச்சரிக்கை. ஈரம் பட்டதும் மரம் முடி முடியா எழும்பும், அதனால முன்னாடியே ஒரு தடவ வெறும் தண்ணி தொட்டு காயவிட்டு தேச்சுடுங்க. கருப்பு மேலாப்புலதான் எறங்கும், கருப்பாக்குனதுக்கு அப்பறம் தேச்சா போச்சு, எல்லா தேய்ப்பும் முடிச்சுட்டு இத கடைசியா பண்ணுங்க.

சன்னபட்டணா பொம்மை மாதிரி பளபளன்னு கலர் வேணும், எந்த பெயிண்ட்?

அது பெயிண்டே இல்ல, அரக்கு. பெங்களூர்ல இருந்து மைசூர் போற வழில சன்னபட்டணாலயும், ஆந்திராவுல ஏட்டிகொப்பாகாலயும் கலர் பிசைஞ்ச அரக்குக் குச்சிய சுத்தற மரத்து மேல அழுத்துவாங்க, உராயற சூட்டுல அரக்கு உருகி மரத்துல பூசிக்கும். அப்பறம் காஞ்ச தாழை மடல வெச்சு தேச்சு பரத்தி பளபளப்பாக்குவாங்க. ரெண்டு ஊர்லயும் பெரும்பாலும் வெட்பாலை மரம், வெள்ளையா நுண்ணிசா ரேகையே தெரியாம இருக்கும், அதனாலதான் அந்த கலர் அப்படி தூக்குது. நம்ம அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானும் கடைசல்தான், சின்ன வயசுல வெச்சு விளையாண்டிருப்பீங்க.

பேனால பண்ணலாம், பண்ணியும் இருக்கேன். ஒரே எடத்துல அமுக்கிட்டே இருந்தா சூடு ட்யூப் வரைக்கும் போய் ஒட்டு விட்டுடும், அதனால ட்யூப எபாக்ஸில (ரெண்டு கோந்த கலந்து போடறது) ஒட்டிட்டு, அரக்க தொட்டு தொட்டு எடுங்க. இன்னொண்ணு, அரக்கு ஆல்கஹால்ல கரையும். எங்கிட்ட அரக்கு பேனா வாங்குன ஒரு டீச்சர் கைக்கு சானிடைசர் போட்ட கையோட எழுதி எழுதி பிடிக்கற எடம் மட்டும் பிசுபிசுன்னு ஆகி விரல் ரேகை பதிஞ்சு கொண்டு வந்தாங்க. அதுல இருந்து மேல் பாதிக்கு மட்டும்தான் அரக்கு.

ரெண்டு கலர் மரத்த ஒட்டி கடைஞ்சேன், வெள்ளை மரம் முழுக்க அழுக்காயிடுச்சு. ஏன்?

கருப்பு மரத்தோட தூள் வெள்ளை மரத்தோட துளைக்குள்ள போய் உக்காந்துடுச்சு. உப்புத்தாள் போட்டு தேய்க்க தேய்க்க இன்னும் உள்ளதான் போகும். கடைசி சீவல ஸ்க்யூ உளில சுத்தமா முடிச்சீங்கன்னா 320 நம்பர்லயே ஆரம்பிக்கலாம், தூளே கம்மி. தேய்க்கறதுக்கு முன்னாடி மெல்லிசு க்ளூவோ ஷெல்லாக்கோ (அரக்கு கரைசல்) ஒரு கோட் பூசி வெள்ளை மரத்தோட துளைய அடைச்சுடுங்க. அப்படியும் சுத்தி சுத்தி தேய்க்காம லேத்த நிறுத்திட்டு நீளவாக்குல தேய்ங்க, கம்ப்ரஸர் இருந்தா ஊதிட்டே இருங்க. ஈரத்துணில மட்டும் துடைக்காதீங்க, செம்மரம், ஈட்டி எல்லாம் நிறம் கக்கும்.

அந்த பின்னல் முடிச்சு இருக்கே, வளையம் வளையத்துக்குள்ள போற மாதிரி, அத எப்படி வளைச்சீங்க?

எல்லாரும் "வளைச்சீங்களா"ன்னுதான் கேக்கறாங்க. எதையும் வளைக்கல, எல்லாம் நேரான பட்டைதான். ஒரு தொடப்பக்குச்சிய கத்தில சாய்ச்சு வெட்டிப் பாருங்க, வெட்டு முட்டை வடிவத்துல இருக்கும்ல, அதான் ரகசியம். செல்டிக் முடிச்சுன்னு பேரு. கட்டைய சாய்ச்சு ஒரு வெட்டு, அந்த வெட்டுல கலர் பட்டைய சொருகி ஒட்டணும். காஞ்சதும் கட்டைய கால் சுத்து திருப்பி அதே எடத்துல அடுத்த வெட்டு. இப்படி 4 பக்கமும் 4 வெட்டு. உருண்டையா கடைஞ்சதும் ஒவ்வொரு பட்டையும் ஒரு சாய்ஞ்ச வளையமா மாறி நாலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னுன மாதிரி தெரியும்.

இதுல மன்னிப்பே இல்லாத விஷயம் பட்டையோட தடிமன். ரம்பம் எவ்ளோ மரத்த தின்னுதோ அவ்ளோ தடிமன்தான் பட்டை இருக்கணும். பட்டை மெல்லிசா இருந்தா ஒட்டறப்ப மீதி கட்டை கொஞ்சம் நகந்துடும், முன்னாடி போட்ட வளையம் அந்த எடத்துல படிக்கட்டு மாதிரி ஒடிஞ்சு தெரியும். நான் மொதல்ல வேஸ்ட் கட்டைல ஒரு வெட்டு போட்டு அதுல பட்டை சும்மா வெச்சா நிக்கணும், தட்டுனா விழணும்ங்கற அளவுக்கு தேச்சுக்குவேன். 1.5 மிமீ வேணும்னா 0.5 மிமீ வினீர் (மெல்லிசு மர ஏடு) மூணு ஒட்டுனா ஆச்சு, ஆனா கோந்துக்கும் தடிமன் உண்டு, வெர்னியர்ல (தடிமன் அளக்கற கருவி) பாத்துடுங்க.

கட்டைய முழுசா துண்டாக்காதீங்க, அடில 2 மிமீ விட்டுடுங்க, அதுதான் ரெண்டு பாதியவும் நேரா பிடிச்சுக்கும். 19 மிமீ கட்டைய 12க்கு கடையறப்ப ஒவ்வொரு பக்கமும் 3.5 மிமீ போகப்போகுது, அந்த 2 மிமீ தானா காணாம போயிடும். சாய்வு உங்க இஷ்டம், கட்டையோட நீளத்துல இருந்து அளந்துக்கோங்க. 45 டிகிரின்னா 12 மிமீ பேனால வளையமும் 12 மிமீ நீளம்தான் வரும், குண்டா இருக்கும். 30 டிகிரிக்கு சாய்ச்சா கிட்டத்தட்ட 21 மிமீ, ஒல்லியா நீளமா, எனக்கு அதுதான் பிடிக்கும்.

முடிச்சு போட்டேன் ஆனா ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் சிறுசு, கோணலா இருக்கு அண்ணா. என்ன பண்ண?

அந்த பேனாவ ஒண்ணும் பண்ண முடியாது, அடுத்ததுக்கு மூணு எடத்த பாருங்க. ஒண்ணு, கட்டை நெஜமாவே சதுரமா? 19க்கு 18.6 இருந்தா கூட திருப்பறப்ப வெட்டு நகரும், நாலு பக்கமும் வெர்னியர் வைங்க. ரெண்டு, ஸ்டாப் கட்டை, அதாவது வெட்டு ஒரே எடத்துல விழ முனைக்கு முட்டு குடுக்கற கட்டை. ஒவ்வொரு வெட்டுக்கும் அதே முனைய அதே கட்டைல முட்டணும், நடுவுல மரத்தூள் மாட்டியிருந்தா அரை மிமீ போச்சு, ஒவ்வொரு தடவையும் ஊதிட்டு முட்டுங்க. மூணாவது, ஓட்டை நடுவுல விழாதது. முக்காவாசி கேஸ் இதுதான். வெட்டெல்லாம் பர்ஃபெக்டா போட்டுட்டு ட்ரில்லிங்ல கோட்டை விடறது. பட்டைகள் குறுக்க வர்ற எடத்துல ட்ரில் பிட் ஒதுங்கப் பாக்கும், புது பிட் போடுங்க, லேத்துலயே மாட்டி மெதுவா ஓட்டைய போடுங்க, சென்டிமீட்டருக்கு ஒரு தடவ வெளிய எடுத்து தூள தட்டுங்க. கட்டைய கொஞ்சம் நீளமா விட்டு, பிட் மறுபக்கம் வெளிய வராம நிறுத்தி அப்பறம் அறுத்துட்டா முனையும் சிதறாது.

நடுவுல அலுமினிய தகடு வெச்சு ஒட்டுனேன், கடையறப்ப பிச்சுட்டு ஒரு துண்டு நெத்தில வந்து விழுந்துச்சு. இது சாத்தியமா இல்லையா?

சாத்தியம்தான், ஆனா மொதல்ல முழு முகத்துக்கும் ஷீல்டு வாங்குங்க, கண்ணாடி மட்டும் போதாது. பிச்சுக்கறதுக்கு காரணம் ரெண்டு. தகடு வழவழன்னு இருந்தா கோந்து பிடிக்காது, 80 நம்பர் தாள்ல ரெண்டு பக்கமும் குறுக்குமறுக்கா கீறி, தின்னர்ல துடைச்சு, எபாக்ஸி போடுங்க, அதுவும் அஞ்சு நிமிஷ எபாக்ஸி இல்ல, ஒரு ராத்திரி காயறது. சூப்பர் க்ளூ ஒடியற ஜாதி, அதிர்ச்சி தாங்காது. ரெண்டாவது சூடு. தேய்க்கறப்ப உலோகம் சட்டுன்னு சூடாகி விரிஞ்சு ஒட்ட தள்ளிடும், விரல வெச்சு பாத்து சுட்டா நிறுத்திடுங்க. தேய்க்கற தூள் கருப்பா மரத்துல ஏறும், அதுக்கு ரெண்டு கலர் மரத்துக்கு மேல சொன்ன வைத்தியமேதான்.

ரெசின் கலந்து பண்ண பேனால உள்ள பித்தளை ட்யூப் மஞ்சளா தெரியுது, எப்படி மறைக்கறது?

ரெசின் (ஊத்துனா இறுகற பிளாஸ்டிக் மாதிரி சரக்கு) பாதி கண்ணாடி மாதிரி, அதுவும் முனைல அந்த முக்கால் மிமீ, தெரியத்தான் செய்யும். ட்யூப்ப ஒட்டறதுக்கு முன்னாடி ரெசின் கலர்லயே பெயிண்ட் அடிச்சு காயவிடுங்க. இன்னும் சுத்தமா வேணும்னா ஓட்டைக்குள்ள காது குடையற பட்ஸால பெயிண்ட் தடவுங்க. மரம் நல்லா காஞ்சிருக்கணும், சில ரெசின் ஈரம் பட்டா சோடா மாதிரி பொங்கும்.

மரம் மக்கி மெத்துனு இருந்தா மொதல்ல ஸ்டெபிலைசிங் ரெசின்ல (மரத்துக்குள்ள ஊறி இறுகறது) போட்டு வேக்கம்ல காத்த உறிஞ்சி, சுமார் 90 டிகிரில வேகவைக்கணும், அந்த ரெசின்லயே கலர் கலந்தா மரம் நீலமாவோ பச்சையாவோ ஆகிடும். எனக்கு நீல மரம் ஒத்துக்காது, அது என் குறை. வீட்டு சமையல் ஓவன்ல மட்டும் பண்ணாதீங்க.

பேனா மேல பேரு, இல்லன்னா எங்கம்மா போடற கோலம் வரணும். முடியுமா?

பேரு எழுதணும்னா லேசர். தேச்சு முடிச்ச வெறும் மரத்துல சுட்டு, கரிய பழைய டூத் பிரஷ்ல தட்டிட்டு அப்பறம் ஃபினிஷ் போடுங்க, தட்டாம விட்டா மொத கோட்லயே கரி கலங்கி எழுத்துக்கு மீசை மொளைக்கும். கை நடுங்காதவங்க சூட்டுக்கோல்ல எழுதலாம், உருண்டைல எழுதறது பேப்பர் மாதிரி வராது, 20 வேஸ்ட் கட்டையாவது போகும்.

கோலத்துக்கு வாட்டர்ஸ்லைடு டீகால் பேப்பர் (தண்ணில நனைச்சு நழுவவிட்டு ஒட்டற ஸ்டிக்கர்). அம்மா போட்ட கோலத்த மேல இருந்து நேரா ஃபோட்டோ எடுத்து அளவு சின்னதாக்கி அந்த பேப்பர்ல ப்ரிண்ட் எடுத்து, மூணு கோட் ஃபினிஷ் போட்ட பேனா மேல தண்ணில நழுவ விட்டு ஒட்டி, காஞ்சதும் மேல இன்னும் ஏழெட்டு கோட். ப்ரிண்டர்ல வெள்ளை இங்க் கெடையாது, அதனால மரத்துல கருப்பு கோலமாத்தான் வரும். இங்க்ஜெட் ப்ரிண்ட்டுன்னா தண்ணில விடறதுக்கு முன்னாடி கிளியர் ஸ்ப்ரே அடிச்சுடுங்க, இல்லன்னா மார்கழி மழைல கோலம் கரைஞ்ச மாதிரி ஆகிடும்.

சூப்பர் க்ளூ ஃபினிஷ் வெள்ளையா பூத்துடுச்சு, எல்லாம் சரியாத்தான் பண்ணேன்!

மழை நாளா? சூப்பர் க்ளூ காத்துல இருக்கற ஈரத்துலதான் இறுகுது, ஈரம் ஜாஸ்தியானா அவசரமா இறுகி வெள்ளையா பூத்துக்கும். ஐப்பசி அடைமழைல நான் ஃபினிஷே போடறதில்ல, கடைசல் மட்டும் பண்ணி வெச்சுக்குவேன். ஆக்டிவேட்டர் ஸ்ப்ரேவ (க்ளூவ சட்டுன்னு இறுக வைக்கறது) கிட்ட வெச்சு அடிச்சாலும் இதேதான், குமிழியும் வரும். மெல்லிசா 8, 10 கோட், நடுவுல ரெண்டு நிமிஷம் பொறுமை, கடைசில மைக்ரோமெஷ் தாள (ரொம்ப நைசான தேய்ப்புத் தாள்) 1500ல இருந்து 12000 வரைக்கும் தண்ணி தொட்டு தேய்ங்க.

பூசறதுக்கு டிஷ்யூ பேப்பர்தான். காட்டன் துணி கூடவே கூடாது, க்ளூவும் காட்டனும் சேந்தா குபுக்குன்னு சூடாகி புகையும், தோல் வெந்துடும், துணி லேத்துல சுத்திக்கற ஆபத்து வேற. ஜன்னல தொறந்து வைங்க, அந்த ஆவி கண்ணுல எரியும். ஈட்டித் தூள் சிலருக்கு தோல்ல தடிப்பு தடிப்பா வரும், நல்ல மாஸ்க் போடுங்க.

மரத்துலயே இங்க் பேனா பண்ணி, பாட்டில் இங்க் ஊத்தி எழுத முடியாதா?

இங்க்க நேரா மரத்துல ஊத்தக்கூடாது, மரம் குடிச்சு ஊதிடும், மரை பிடிக்காது. கன்வெர்ட்டரோ (இங்க்க உறிஞ்சி வெச்சுக்கற குழாய்) கார்ட்ரிட்ஜோ (இங்க் ரொப்பி வர்ற குப்பி) போடற கிட் வாங்குங்க, மரம் வெளிச்சட்டை மட்டும். கையால கடைஞ்ச இங்க் பேனாவுக்கு நம்ம பக்கம் பேர் எடுத்தது எபோனைட், கடினமாக்குன ரப்பர், திருவள்ளூர் ரங்கா பேனாவும் ராஜமுந்திரி ரத்னம் பேனாவும் அதுலதான். எபோனைட்ல அலைஅலையா வர்ற கலர் தயாரிக்கறப்பவே உள்ள வர்றது. மரத்துல அந்த அலைய நாமதான் தேடி அறுக்கணும்.

எங்க தாத்தா வீட்ட இடிச்சப்போ வாசக்கால்ல இருந்து ஒரு துண்டு எடுத்து வெச்சேன், ஆணி ஓட்டையும் வண்டு ஓட்டையுமா இருக்கு. இதுல பேனா வருமா?

வரும், இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச வேல. மொதல்ல காந்தத்த வெச்சு முழுசா தடவுங்க, உள்ள ஒடிஞ்ச ஆணி இருந்தா ரம்பப் பல்லு போயிடும். வண்டு இன்னும் குடியிருக்கான்னு பாக்க ஒரு வெள்ளை பேப்பர் மேல ரெண்டு வாரம் வைங்க, மாவு கொட்டுனா பார்ட்டி உள்ள இருக்கு, கடைஞ்சா பயனில்ல.

ஆணி ஓட்டைய மறைக்காதீங்க. பழைய இரும்பாணி சுத்தி மரம் நீலக்கருப்பா கறை பிடிச்சிருக்கும், கடுக்காய் பதில்ல சொன்னேனே, துவர்ப்பும் இரும்பும், அத உங்க தாத்தா வீடு ஏற்கனவே பண்ணி வெச்சிருக்கு. அந்த கறை பேனா நடுவுல வர்ற மாதிரி அறுத்து, வண்டு ஓட்டைல மட்டும் சாவிக்கடை பித்தளைத் தூள ரொப்புங்க. போன வருஷம் ஒருத்தருக்கு அப்படி பண்ணேன், 11 பித்தளைப் புள்ளி, அவங்க பெரியம்மா வாங்கி பாத்துட்டு "இது உள்ரூம் பக்கத்து நிலை"ன்னு சொன்னாங்களாம், எப்படி கண்டுபிடிச்சாங்கன்னு இன்னும் புரியல.

ஒரு வருஷம் முன்னாடி பண்ண முடிச்சு பேனா, இப்ப நகத்த ஓட்டுனா பட்டை தட்டுப்படுது. ஒட்டு விட்டுடுச்சா?

ஒட்டு விட்டிருந்தா பட்டை ஓரத்துல வெள்ளையா மயிரிழை கோடு தெரியும், அது இல்லன்னா ஒட்டு பத்திரம். மரம் மூச்சு விடுது, அவ்ளோதான். ரெண்டு மரமும் ஒரே அளவுக்கு ஊதி சுருங்காது, அதுலயும் முடிச்சுல ரேகை வேற வேற திசை. மேல க்ளூ ஃபினிஷ் எவ்ளோ தடிமனா இருந்தாலும் வருஷம் ஒரு சுத்து சுத்துனா இத்துனூண்டு மேடு தட்டத்தான் செய்யும். குறைக்கணும்னா ரெண்டு மரத்தயும் ஒரே எடத்துல ஒண்ணா மூணு மாசம் போட்டு வெச்சுட்டு அப்பறம் ஒட்டுங்க, ஓட்டை போட்டதும் அன்னைக்கே கடையாம ஒரு வாரம் விடுங்க.

அந்த பேனாவ கொண்டு வந்தீங்கன்னா கிட் பாகங்கள கழட்டி மேல இருக்கற ஃபினிஷ மட்டும் தேச்சு எடுத்து புதுசா போட்டுக்கலாம், அரை நாள் வேல. அந்த பாகங்கள கழட்டறப்ப மூக்கு பக்கம் அமுக்கி தட்டாதீங்க, பின்னாடி இருந்து மெல்லிசு கம்பிய விட்டு தட்டணும், இல்லன்னா முனைல இருக்கற அந்த ஏடு நொறுங்கிடும். நீங்களே ட்ரை பண்ணாம எடுத்துட்டு வாங்க.